ஆன்டி ஆக்ஸிடன்ட் குப்பிகளும் நம் உடலின் ஆக்ஸிஜன் கணக்கும்

மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம் மருந்துச் சீட்டுகளையும் பில்களையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது நம் வழக்கம். சமீப காலமாக அந்தக் காகிதங்களுக்கு நடுவே ஒரு புதுவகைச் செலவு தலைகாட்டுகிறது. மருத்துவர் எழுதித் தராத குப்பிகள்: ஏதோ ஒரு பழச்சாறு, திராட்சை விதைச் சத்து, பச்சைப் பொடி, மாத்திரை டப்பா. எல்லாவற்றின் மேலும் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று அச்சிட்டிருக்கும். விற்றவர் கடைக்காரர் அல்ல. பெரும்பாலும் சொந்தக்காரர் அல்லது தெருக்காரர். ஆள் சேர்த்தால் கமிஷன் தரும் வியாபாரம். மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று போகிறது. அந்தப் பணத்தை ஈடுகட்ட, சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

"எல்லாம் ஏமாற்று, வாங்காதீர்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதையும் பார்த்துவிட்டோம். காரணம், விற்பவர் சொல்லும் கதையில் பாதி உண்மை. ஆக்ஸிஜன் உடலைக் கெடுக்கவும் செய்கிறது என்பது உண்மை. அதைத் தடுக்கும் பொருள்கள் உண்டு என்பதும் உண்மை. அவற்றை மாத்திரையாக விழுங்கினால் நோய் குறையும் என்ற மூன்றாவது பேச்சில்தான் கோளாறு. ஆகவே முதல் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் மறுபாதியின் தவறு விளங்கும்.

மூச்சில் போகும் காற்றில் கேடு எப்படி வரும்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்ஸிஜன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடலே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. நம் செல்களில் பெரும்பாலானவற்றுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. உணவு அங்கேதான் எரிந்து சக்தியாகிறது. விறகு அடுப்பில் எவ்வளவு கவனமாக எரித்தாலும் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும். அதுபோல இந்த அடுப்பிலும் ஆக்ஸிஜனில் ஒரு சிறு பங்கு ஒழுங்காக எரிந்து தண்ணீராக மாறாமல், சூப்பர் ஆக்ஸைடு என்ற அரைகுறைப் பொருளாக நின்றுவிடுகிறது. அதற்கு ஒரு எலக்ட்ரான் விஷயத்தில் குறை. அந்தக் குறையோடு சும்மா இருக்காது. பக்கத்தில் இருப்பவற்றோடு வினைபுரியும். கொழுப்பானாலும் சரி, புரதமானாலும் சரி, நம் மரபணுவானாலும் சரி. இத்தகைய பொருள்களைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறார்கள்.

உடல் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. எஸ்.ஓ.டி. என்ற நொதி சூப்பர் ஆக்ஸைடைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃப்ரிடோவிச் என்ற இருவர் இந்த நொதியின் வேலையைக் கண்டுபிடித்தார்கள். அடுத்து கேட்டலேஸ் என்ற நொதியும் குளுட்டாதயோன் என்ற பொருளும் சேர்ந்து அந்தப் பெராக்ஸைடைத் தண்ணீராக்கிவிடுகின்றன. கேட்டலேஸை நம்மில் பலர் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். புண்ணைச் சுத்தம் செய்ய ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊற்றும்போது வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வருமே, அது இரத்தத்திலும் சதையிலும் உள்ள கேட்டலேஸ் பெராக்ஸைடை உடைத்து ஆக்ஸிஜனை வெளியே தள்ளும் காட்சிதான்.

உற்பத்தியாகும் கேடும் அதை அடக்கும் காவலும் சமமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. காவலை மீறிக் கேடு பெருகும் நிலைக்குத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் 1985இல் இந்தச் சொல்லுக்கு வரையறை தந்தார். அதற்கு முன்பே, 1954இல் ரெபேக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினா நாட்டுப் பெண் விஞ்ஞானி, அளவுக்கு மீறிய ஆக்ஸிஜனும் எக்ஸ்ரே கதிரும் ஒரே வழியில்தான் உடலைத் தாக்குகின்றன என்று எடுத்துச் சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து டென்ஹாம் ஹார்மன் என்பவர் முதுமைக்கே காரணம் ஃப்ரீ ராடிக்கல்தான் என்று ஒரு கொள்கையை வெளியிட்டார். இன்றைய குப்பி வியாபாரம் முழுவதும் அந்த ஒரு கொள்கையின் தோளில் ஏறித்தான் வருகிறது. அந்தக் கொள்கை அப்படியே நிரூபிக்கப்படவில்லை என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

இன்னொன்றையும் அவர்கள் சொல்வதில்லை. ஃப்ரீ ராடிக்கல் முழுக்கவும் எதிரி அல்ல. நம் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கியதும், வேண்டுமென்றே சூப்பர் ஆக்ஸைடைத் தயாரித்து அந்தக் கிருமியின் மேல் ஏவுகின்றன. பிறவியிலேயே அதைத் தயாரிக்க முடியாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, நிமோனியா என்று உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. ஆகவே 'ஃப்ரீ ராடிக்கலை அடியோடு ஒழிக்கும்' என்று ஒரு குப்பியில் எழுதியிருந்தால், அது நடக்காமல் இருப்பதே நமக்கு நல்லது.

குறைமாதக் குழந்தையின் கண்

ஆக்ஸிஜன் மருந்தாகவும் கேடாகவும் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1940களில் மேலைநாடுகளில் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தாராளமாக ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். உயிர் பிழைத்தன, ஆனால் பல குழந்தைகளுக்குக் கண் தெரியவில்லை. ஏன் என்று பல ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை. வசதியான மருத்துவமனைகளில்தான் இது அதிகம் என்பது இன்னும் குழப்பியது. 1951இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கேட் காம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர், ஆக்ஸிஜன் அதிகம் பெற்ற குழந்தைகளுக்கே இது வருகிறது என்று காட்டினார். முழுதாக வளராத விழித்திரை நாளங்கள் அந்த அளவு ஆக்ஸிஜனைத் தாங்க முடியாமல் கெட்டுப்போயிருந்தன.

இன்று ஆக்ஸிஜனை அளந்துதான் கொடுக்கிறார்கள். ஆனாலும் ஆபத்து அறவே நீங்கிவிடவில்லை. நம் நாட்டு வழிகாட்டுதல்படி 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்யவேண்டும். மிகவும் சிறிய குழந்தை என்றால் இன்னும் முன்பாகவே. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, கண் திறந்து பார்க்கிறது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நாற்பது கழிந்த பிறகு வெளியே எடுத்துப் போகலாம் என்று காத்திருக்கும் வீடுகளில் இந்த 30 நாள் தாண்டிவிடுகிறது. இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் நாற்பதைப் பார்க்க வேண்டாம்.

சர்க்கரை, இதயம், நுரையீரல்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறோம், ஏனென்றால் இங்கே செய்யவேண்டியது என்ன என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். இரத்தத்தில் சர்க்கரை கூடி நிற்கும்போது, இரத்தக்குழாயின் உள்சுவரில் உள்ள செல்கள் தேவைக்கு மேல் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அங்குள்ள அடுப்புகளில் சூப்பர் ஆக்ஸைடு பெருகுகிறது. விழித்திரை, சிறுநீரகம், பாதத்து நரம்பு ஆகிய மூன்றும் முதலில் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்த கெட்ட கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்தபின், அதை விழுங்கவரும் வெள்ளையணுக்கள் அங்கேயே தங்கி அடைப்பாக மாறுகின்றன. பீடி, சிகரெட்டின் புகை ஒவ்வொரு இழுப்பிலும் ஃப்ரீ ராடிக்கலை நேரடியாகவே நுரையீரலுக்குள் கொண்டுபோய்க் கொட்டுகிறது. விறகுப் புகை சூழ்ந்த சமையலறையும் அதே வகைதான்.

மூன்றிலும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் ஒரு இடைக் கண்ணி. மூல காரணம் அல்ல. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் அந்தக் கண்ணி தானாகத் தளர்கிறது. சர்க்கரையை 300இல் வைத்துக்கொண்டு கண்ணியை மட்டும் அறுக்க ஒரு குப்பி வாங்குவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போல.

ஒரு நொதி குறைந்தால்: வீட்டில் தெரிந்திருக்க வேண்டியது

ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்ற இந்தப் புத்தக விஷயம், ஒரு வீட்டில் இரண்டே நாளில் கண்முன் நடக்கும் ஒரு நிலை இருக்கிறது. ஜி-6-பி-டி குறைபாடு என்று பெயர். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. ஆப்பிரிக்கா, மத்திய தரைக்கடல் நாடுகள், அரபு நாடுகள், இந்தியா என மலேரியா காலங்காலமாக இருந்துவந்த பகுதிகளில் அதிகம். இந்தக் குறை உள்ளவர்களின் இரத்தத்தில் மலேரியாக் கிருமி அவ்வளவு எளிதாகப் பெருக முடியாது என்பதே அதற்குக் காரணம்.

சிவப்பணு ஒரு விசித்திரமான செல். அதன் வேலையே ஆக்ஸிஜனைச் சுமப்பது, அதனுள் இருப்பதோ இரும்பு. ஆக்ஸிஜனும் இரும்பும் ஒன்றாக இருக்கும் இடத்தில் கேடு எப்போதும் காத்துக்கொண்டிருக்கும். காவலுக்கு இருப்பது முன்னே சொன்ன குளுட்டாதயோன். அது ஒருமுறை வேலை செய்தால் தீர்ந்துபோகும். மறுபடி அதைப் புதுப்பிக்கவேண்டும். மற்ற செல்களுக்குப் புதுப்பிக்க வேறு சில வழிகள் உண்டு. சிவப்பணுவுக்கு ஒரே வழிதான். அந்த வழியின் முதல் படிதான் ஜி-6-பி-டி நொதி. அது குறைவாக இருப்பவர் சாதாரண நாட்களில் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்வார். பள்ளிக்குப் போவார், வேலைக்குப் போவார், வெளிநாடும் போவார். ஆனால் ஆக்ஸிஜனேற்றம் செய்யும் ஒரு பொருள் உடலுக்குள் போனால், காவல் தீர்ந்து, சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடையத் தொடங்கும். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் கண் மஞ்சளாகும், சிறுநீர் கடும் டிக்காஷன் நிறத்தில் போகும், உடல் வெளுத்து மூச்சு வாங்கும். இதைச் சாதாரண மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. சிறுநீரின் நிறம் அப்படி மாறினால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிலருக்கு இரத்தம் ஏற்றவேண்டி வரும்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையில் ஒரு கசப்பு உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளுக்கு மலேரியா மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். பிரைமாகுயின் மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு மட்டும் இரத்தம் உடைந்தது. அவர்களின் சிவப்பணுக்களை ஆராய்ந்துதான் 1956இல் பால் கார்சனும் கூட்டாளிகளும் இந்த நொதிக் குறையைக் கண்டார்கள். சிறையில் அடைபட்டவர்களின் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வி அந்த ஆராய்ச்சிகளை இன்றும் விடவில்லை. இன்று அதே பிரைமாகுயின், வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு நம் நாட்டில் 14 நாள் கொடுக்கப்படுகிறது. மாத்திரை தொடங்கியபின் சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு, கொடுத்தவரிடம் தெரிவிக்கவேண்டும். தொழுநோய்க்குத் தரும் டாப்ஸோன், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரான்டாயின் ஆகியவையும் இந்தக் குறை உள்ளவர்களுக்கு ஆகாது.

மருந்தைத் தவிர, நம் வீடுகளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட மூன்று பொருள்கள் உண்டு.

முதலாவது, பாச்சா உருண்டை. நாப்தலின் என்ற இந்த உருண்டையை அலமாரியில் போட்டு, மடித்து வைத்த பழைய குழந்தைத் துணிகளை அடுத்த குழந்தை பிறந்ததும் அப்படியே எடுத்து உடுத்துகிறோம். அதன் ஆவி தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் குழந்தைக்குள் போகிறது. நொதிக் குறை உள்ள பச்சிளங் குழந்தைக்கு இதனால் கடும் மஞ்சள் காமாலை வந்து, அது மூளையைப் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் உள்ளன. குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் இந்த உருண்டையைப் போடவே வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் துவைத்து, வாடை முழுதும் போகும்வரை வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, மருதாணி. பெரியவர்கள் கையில் இட்டுக்கொள்ளும் மருதாணியைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. பெருநாளுக்குக் கை சிவக்கட்டும். ஆனால் மருதாணிக்கு நிறம் தரும் லாசோன் என்ற பொருள் ஆக்ஸிஜனேற்றம் செய்யக்கூடியது. கைக்குழந்தையின் தோல் மெல்லியது, உடம்பு சிறியது. கைகாலில் அல்லது உடலில் மருதாணி பூசியபின் நொதிக் குறை உள்ள குழந்தைகளுக்கு இரத்தம் உடைந்ததை அரபு நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தொட்டிலில் இருக்கும் குழந்தைக்கு ஆசைக்காகக்கூட வைக்காமல் இருப்பதே சரி. குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருப்பது தெரிந்தால், வளர்ந்த குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, வளைகுடாவில் இருப்பவர்களுக்கு. அங்கே காலை உணவாக விற்கும் 'ஃபூல்' என்பது ஃபாவா பயறில் செய்வது. இந்த நோயின் இன்னொரு பெயரே அந்தப் பயறிலிருந்து வந்ததுதான். அதிலுள்ள விசின், கான்விசின் என்ற இரண்டு பொருள்கள் உடலுக்குள் மாற்றமடைந்து சிவப்பணுவைத் தாக்குகின்றன. எகிப்தியர்கள் ஃபலாஃபலையும் இதே பயறில் செய்கிறார்கள். மற்ற நாட்டவர் பெரும்பாலும் கொண்டைக்கடலையில். எதில் செய்தது என்று கேட்டுச் சாப்பிடுவது நல்லது. ஊரில் இத்தனை வருடம் ஒன்றும் ஆகாதவருக்கு அங்கே போன மாதத்தில் திடீரென்று காமாலை வந்தால், என்ன சாப்பிட்டார் என்ற கேள்வியை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லவேண்டும். ஒரு சின்னக் குழப்பம்: ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்து இதை அவரை என்று எழுதிவிடுகிறார்கள். நம் அவரைக்காய் வேறு செடி. விலக்கவேண்டியது ஃபாவாவைத்தான்.

இந்தக் குறை தாய் வழியாக மகன்களுக்கு வருகிறது. தாயிடம் ஒரு குறைப்பட்ட மரபணு இருந்தால், அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலே, மகன்களில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தகப்பனுக்குக் குறை இருந்தால் மகன்களுக்குப் போகாது. எல்லா மகள்களும் அதைச் சுமப்பார்கள். தாய், தகப்பன் இருவர் பக்கமும் இருந்தால் பெண் குழந்தைக்கும் முழுதாக வரக்கூடும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கு இடம் அதிகம். ஒருவருக்கு இருப்பது தெரிந்தால், தாயுடன் பிறந்த மாமன்மாருக்கும், சகோதரர்களுக்கும், பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுவது கடமை. இதை மறைக்க ஒன்றுமில்லை. இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல, கல்யாணத்துக்குத் தடையும் அல்ல. சில பொருள்களை விலக்கினால் ஆயுள் முழுக்க நலமாக வாழலாம்.

பரிசோதனை சாதாரண இரத்தப் பரிசோதனைதான். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. இரத்தம் உடைந்துகொண்டிருக்கும் நாட்களில் செய்தால், குறை இருந்தும் சரியாக இருப்பதாகக் காட்டிவிடக்கூடும். நொதி குறைந்த பழைய அணுக்கள் உடைந்துபோய், நொதி சற்று மிகுந்த புது அணுக்கள் மட்டும் மிஞ்சியிருப்பதே காரணம். அப்படி வந்த முடிவை நம்பிவிடாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும்.

மாத்திரையைச் சோதித்தபோது

இனி அந்தக் குப்பிகளுக்கு வருவோம். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு புற்றுநோயும் இதயநோயும் குறைவு என்று பல நாடுகளில் பார்த்தார்கள். அவர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமாக இருந்தது. கேரட்டுக்கு நிறம் தரும் சத்து அது, ஆன்டி ஆக்ஸிடன்ட். அப்படியானால் அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? நியாயமான யோசனைதான். ஃபின்லாந்தில் 50 முதல் 69 வயதுவரையுள்ள 29,133 ஆண் புகைப்பிடிப்போரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மீதிப் பேருக்கு அந்தச் சத்து இல்லாத மாத்திரை. ஐந்து முதல் எட்டு வருடம் கவனித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல்.

தற்செயலாக இருக்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். அதே சமயம் அமெரிக்காவில் 18,314 பேரிடம் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. புகைப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் அதில் இருந்தார்கள். இவர்களுக்குப் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும், மொத்த மரணம் 17 சதவீதமும் கூடியதைக் கண்டு, 1996 ஜனவரியில் குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே சோதனையை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு 22,071 மருத்துவர்களிடம் சராசரியாக 12 வருடம் நடந்த மூன்றாவது சோதனையின் முடிவும் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் புகைக்காதவர்கள். அங்கே கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை.

பிறகு வைட்டமின் ஈயின் முறை. இதய நோய் ஆபத்துள்ள ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நாலரை வருடம் தினம் 400 யூனிட் கொடுத்துப் பார்த்ததில் மாரடைப்பு குறையவில்லை. 35,533 ஆண்களிடம் நடந்த மற்றொரு சோதனையில், 2011இல் வந்த முடிவுப்படி, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. இவையெல்லாம் யாரோ ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்ன வீடியோக்கள் அல்ல. யாருக்கு எந்த மாத்திரை என்பது சாப்பிட்டவருக்கும் தெரியாமல், கொடுத்தவருக்கும் தெரியாமல், பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்தவை.

பழத்தில் நன்மையாக இருப்பது மாத்திரையில் ஏன் இல்லை? ஒன்று, பழத்தில் இருப்பது ஒரு சத்து மட்டும் அல்ல; நார், உப்புகள், இன்னும் எத்தனையோ உண்டு. பழம் சாப்பிடுகிறவர் அந்த நேரத்தில் பஜ்ஜி சாப்பிடுவதில்லை என்பதும் ஒரு காரணம்தான். இரண்டு, விழுங்கிய மாத்திரை கேடு நடக்கும் அந்த நுண்ணிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மூன்று, புற்றுச் செல்லுக்கும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் உண்டு. நாம் கொடுக்கும் காவல் அதையும் காப்பாற்றிவிடலாம். நான்காவது காரணம் சுவையானது. 2009இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சியும் ஈயும் அதிக அளவில் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களின் உடலில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. சாப்பிட்டவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பயிற்சியின்போது கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல் உண்டாவதே, "காவலைப் பலப்படுத்து" என்று உடலுக்குப் போகும் தகவல். தகவலை அழித்துவிட்டால் காவல் எப்படிப் பலப்படும்?

சில குப்பிகளில் 'ஓராக்' என்று ஒரு பெரிய எண் போட்டு, ஆப்பிளைவிட இத்தனை மடங்கு என்று எழுதியிருக்கும். அது சோதனைக் குழாயில் அளந்த எண். அந்த எண்களின் பட்டியலை வெளியிட்டுவந்த அமெரிக்க வேளாண் துறையே, உடலுக்குள் நடப்பதோடு அதற்குத் தொடர்பு காட்டமுடியாது, வியாபாரிகள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012இல் அதை நீக்கிவிட்டது.

ஆன்டி ஆக்ஸிடன்ட் மருந்தாகப் பயன்படும் இடங்கள் உண்டு. அதையும் சொல்லிவிடுவது நேர்மை. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவருக்குக் கல்லீரலின் குளுட்டாதயோன் தீர்ந்து, கல்லீரலே அழியத் தொடங்கும். அப்போது என்-அசிட்டைல் சிஸ்டைன் என்ற மருந்து குளுட்டாதயோனை மீண்டும் நிரப்பி உயிரைக் காக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக நன்று. முதல் நாள் ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரியும்; அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. அடுத்து, வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோயில், ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் இருப்பவர்களுக்குச் சில வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை நோயின் வேகத்தைக் குறைக்கிறது. இதுவும் கண் மருத்துவர் பார்த்துத் தரவேண்டியது. கண்புரைக்கு அது உதவாது.

கருஞ்சீரகத்தைப் பற்றி நம்மிடம் கேட்கிறார்கள். கருஞ்சீரகத்தின் மேல் நம் சமுதாயத்துக்கு இருக்கும் மதிப்பு வேறு. அதைக் காட்டி எண்ணெய்க் குப்பியை விலையேற்றி, "இன்சுலினை நிறுத்திவிடலாம்" என்று விற்பது வேறு. சமையலில் சேர்க்கும் அளவுக்குத் தடை ஏதும் இல்லை. சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எண்ணெயைத் தினமும் குடிப்பதானால் மருத்துவரிடம் சொல்லவேண்டும், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும்.

ஆயிரம் ரூபாயை எதற்குச் செலவிடுவது என்று கேட்டால், நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, தக்காளி ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரு வீட்டுக்கே பல நாள் வரும். பீடியை விட்டால் செலவே இல்லாமல் கிடைக்கும் லாபம் எந்தக் குப்பியும் தராது. விறகு அடுப்பு வைத்திருக்கும் வீட்டில் கேஸ் இணைப்புக்கு உதவி தேவைப்பட்டால் எழுதிக் கொடுங்கள்.

எண்ணெயையும் பார்க்கவேண்டும். நோன்பு மாதத்தில் சமோசாவும் வடையும் பொரித்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சுகிறோம். காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கெடுகிறது. கடைகளுக்கு இதற்குச் சட்டமே இருக்கிறது: கெட்டுப்போன எண்ணெயைக் காட்டும் போலார் பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்து, 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, பிசுபிசுப்பாகி, அடுப்பில் வைத்ததும் நுரை கட்டினால் அது போதுமான அடையாளம். சிறிய சட்டியில் குறைந்த எண்ணெய் ஊற்றிப் பொரித்தால் மிச்சமும் குறையும்.

புற்றுநோய்க்குக் கீமோ, ரேடியேஷன் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தச் சிகிச்சைகளில் பல, ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்கித்தான் புற்றுச் செல்லைக் கொல்கின்றன. அந்த நேரத்தில் அதிக அளவு ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிடுவது சிகிச்சைக்கே குறுக்கே நிற்கலாம். சாப்பாட்டில் உள்ள பழமும் கீரையும் இதில் சேராது. வீட்டில் இருக்கும் எல்லாக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டு, அடுத்தமுறை போகும்போது மருத்துவரின் மேசையில் வைத்துக் காட்டுங்கள். "இதெல்லாம் சும்மா சத்து மாத்திரைதான்" என்று நாமே முடிவு செய்து பையில் போடாமல் விட்டுவிடவேண்டாம்.